சவாரி நாம்பன்: முதல் ஓட்டத்துக்கு முந்திய இரண்டு ஆண்டுகள்

வன்னியில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிகள் மீண்டும் பரவலாக நடைபெறத் தொடங்கியபின், வீட்டுப் பெரியவர்களிடம் பழகாமலே முதன்முதலாக நாம்பன் (இளங்காளை) வாங்கும் இளைஞர்களைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காண முடிகிறது. மாட்டை வண்டியில் பூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு ஊரில் ஆள் கிடைக்கும். ஓடுகிற வயது வரும்வரை அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுப்பவர்தான் அருமை. பாற்பல் விழாத நாம்பன் ஒன்றைப் பட்டியிலிருந்து கொண்டுவரும் நாள் தொடங்கி, அது முதல் தடவையாகத் திடலில் இறங்கும் நாள் வரையான ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி இங்கே தருகிறேன். நோய் வந்தபின் பார்க்கும் வைத்தியத்தைவிட, வராமல் பார்க்கும் வழிகளையே கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

பல்லும் காலும்

வாங்கும்போது விற்பவர் சொல்லும் வயதை நம்பாமல் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும் எட்டு உண்டு. அவற்றுள் நடுச் சோடி விழுந்து அகன்ற நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டு வயதில்; நாட்டு மாடுகளில் இது சில மாதங்கள் பிந்தலாம். அடுத்த சோடி மூன்று வயதை ஒட்டியும், அதற்கடுத்தது மூன்றரை வயதளவிலும், கடைசிச் சோடி நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலும் வரும். தொடக்கக்காரர் ஒருவருக்கு ஒன்றரை வயதளவில், பாற்பல் விழுவதற்குச் சற்று முன்னதாக நிற்கும் நாம்பனே பொருத்தமானது. அது இன்னும் கெட்ட பழக்கம் எதையும் கற்றிருக்காது.

பல்லைப் பார்ப்பதற்கு வயதை அறிவதற்கு மேலான காரணம் ஒன்று உண்டு. கால் எலும்புகளின் நுனிகளில் வளர்ச்சி நடைபெறும் மென்மையான பகுதிகள் இருக்கின்றன. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் இப்பகுதி இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் இறுகிவிடும். முழங்காலுக்கு நேர்மேலே உள்ள எலும்பிலோ மூன்றரை முதல் நான்கு வயது வரை அது திறந்தே இருக்கும். தசையும் மூச்சும் சில கிழமைப் பயிற்சியில் தேறிவிடுவதால், இரண்டு பல், அதாவது முதல் சோடி நிலைப்பற்கள் மட்டும் கண்ட நாம்பன் ஓடத் தயாராகிவிட்டதுபோலத் தோன்றும். எலும்பும் தசைநாணும் தேற மாதக்கணக்காகும். இளம் நாம்பன்களை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பெயர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த மாடுகளில் எத்தனை ஆறு பல் வயதிலும் நொண்டாமல் நிற்கின்றன என்று பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆறு பல் காணும் முன் முழு வேக ஓட்டம் வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு.

காலைப் பொறுத்தவரை, மாட்டைச் சமதரையில் நிறுத்தி முன்னாலும் பின்னாலும் நின்று பார்க்க வேண்டும். குளம்புகள் நேரே முன்னோக்க வேண்டும். பின்கால் மடிப்புகள் ஒன்றையொன்று உரசக் கூடாது. இரு குளம்புப் பாதிகளும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். அதன்பின், காலிலும் வாயிலும் புண் உண்டாக்கும் கால்-வாய் நோய் எப்போதாவது வந்ததா என்று விற்பவரிடமும் அயல் பட்டிக்காரரிடமும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். அந்த நோய் இளம் மாட்டின் இதயத் தசையைத் தாக்கக்கூடியது. குணமான மாடுகளிலும் சில, பின்னர் எப்போதும் வெயில் தாங்காமல் மூச்சிரைத்துக்கொண்டே இருக்கும். அவை பட்டியில் நன்றாக மேயும், விலையும் குறைவாக வரும். சவாரிக்கு மட்டும் உதவாது. உரிமை மாற்றியதற்கான எழுத்தும் காதடையாள இலக்கமும் கையில் வராமல் மாட்டை ஏற்றக் கூடாது.

முதல் மூன்று கிழமை

வந்த மாட்டை வீட்டில் ஏற்கெனவே நிற்கும் மாடுகளோடு உடனே சேர்க்காமல், மூன்று கிழமையாவது தனிக் கொட்டிலில், தனி வாளியில் தண்ணீர் வைத்துக் கட்ட வேண்டும். இந்த நாட்களில் பயிற்சி எதுவும் இல்லை. உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிந்து, கால்-வாய் நோய், தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளில் எவை இப்போது போடப்பட வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். 2020ஆம் ஆண்டு இலங்கைக்குள் வந்த தோற்கழலை நோய்க்கான தடுப்பூசியையும் சேர்த்துக் கேட்பது நல்லது. ஊசி போட்டபின் மூன்று, நான்கு நாட்கள் மாட்டை வேலைக்கு எடுக்கக் கூடாது.

குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பதற்கு முன் சாணத்தை அலுவலகத்துக்குக் கொண்டுசென்று சோதிப்பது சிறந்தது. குளக்கரையில் மேய்ந்து வளர்ந்த வன்னி மாடுகளில் ஈரல் தட்டைப்புழுவும் இரைப்பைத் தட்டைப்புழுவும் இருக்கலாம். உருண்டைப் புழுவுக்கான எல்லா மருந்தும் இவற்றைக் கொல்லாது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, எடையோ பட்டியில் தராசு இல்லாததால் யாருக்கும் சரியாகத் தெரியாது. தையற்காரரின் அளவுநாடா ஒன்று இதற்குப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுத்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோக் கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் எடை ஏறத்தாழ 217 கிலோ. ஒரு கொப்பி வைத்து மாதம் ஒருமுறை இதை எழுதிவர வேண்டும்.

அதே கொப்பியில் மாடு ஓய்வாக நிற்கும்போதுள்ள உடல் வெப்பம், நாடி, மூச்சு ஆகியவற்றையும் பதிய வேண்டும். வெப்பம் 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரை இயல்பானது. நாடியை வாலின் அடிப்பக்கத்தில், அடிவாலிலிருந்து ஒரு சாண் கீழே விரல்நுனிகளை வைத்து அழுத்தாமல் உணரலாம். உங்கள் மாட்டின் இயல்பு எதுவென்று முதல் மாதத்திலேயே எழுதி வைத்தால்தான், பின்னர் ஒரு நாள் அது இயல்பாக இல்லை என்பது புலப்படும்.

தீனும் தண்ணீரும்

இளம் மாடு ஒன்று நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு உலர்தீனி தின்னும். 217 கிலோ நாம்பனுக்கு அது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பச்சைப்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், 15 கிலோ கோ-3 புல், ஒன்றரைக் கிலோ வைக்கோல், ஒரு கிலோ தவிடும் பிண்ணாக்கும் கலந்த தீன் என்று வைத்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும். வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. காலபோக அறுவடைக்குப் பின் அது மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை மட்டும் போட்டு வளர்த்தால் வயிறு பெருத்து முதுகு ஒட்டிய மாடுதான் மிஞ்சும். வேலியில் நிற்கும் கிளிசரியாவை வெட்டி ஒரு நாள் வாடவிட்டுக் கொடுத்தால் மணம் குறைந்து விரும்பித் தின்னும். இப்பில் இப்பில் இலையும் நல்லதே, ஆயினும் அதிலுள்ள நச்சுப் பொருள் காரணமாக மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் கிடைக்கும் கச்சான் கொடியும் சிறந்த தீன். பூஞ்சணம் பிடித்த கொடியை மட்டும் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.

சவாரி மாடு வளர்ப்பவர்களிடம் தவிட்டுக்கு இருக்கும் மதிப்பு சற்று அதிகம் என்றே நினைக்கிறேன். அரிசித் தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. நலமடித்த (விதை நீக்கிய) மாட்டுக்கு, அதுவும் இளவயதில் நலமடித்ததற்குச் சிறுநீர்க்குழாய் ஒடுக்கமாக இருக்கும். தவிட்டை அள்ளிப் போட்டுத் தண்ணீரைக் குறைவாக வைத்தால் சிறுநீரில் கல் உண்டாகி அக்குழாய் அடைபடக்கூடும். மாடு வாலை அடிக்கடி உயர்த்தி முக்குவதும், சொட்டுச்சொட்டாகச் சிறுநீர் போவதும், வயிற்றை உதைப்பதும் கண்டால் அன்றே வைத்தியரை அழைக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடிய நோய் அன்று. இதைத் தடுப்பது எளிது: தவிட்டோடு கிளிசரியா போன்ற அவரை இனத் தழையைச் சேர்த்தல், நாளுக்கு 30 முதல் 50 கிராம் உப்புக் கொடுத்தல், நாள் முழுதும் நிழலில் தண்ணீர் வைத்தல். ஆடி, ஆவணிக் காலத்தில் இந்த எடையுள்ள நாம்பன் 30 லீற்றருக்கு மேலும் குடிக்கும்.

உளுத்தங்கஞ்சி, முட்டை, நல்லெண்ணெய் என்று ஒவ்வொருவரும் தத்தம் இரகசியம் சொல்வார்கள். சிறிய அளவில் இவற்றால் கெடுதி இல்லை. பழக்கமில்லாத வயிற்றில் ஒரே நாளில் ஒரு பானைக் கஞ்சி இறங்கினால் அசையூண் வயிறு புளித்து, மாடு இரை மீட்பதை நிறுத்திவிடும். அதன் விளைவாகக் குளம்பின் உட்பகுதி அழற்சியடைந்து நொண்டுவதும் உண்டு. எண்ணெய் கூடினால் புல் செரிப்பதே குறையும். புதிய தீன் எதுவானாலும் கைப்பிடியில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் கூட்டுவதே முறை.

வன்னிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: புல்லோடு சேர்ந்து கம்பித் துண்டும் ஆணியும் வயிற்றுக்குள் போய், இதயத்தின் பக்கமாகக் குத்தி மாட்டைக் கொன்றுவிடும். போர் நடந்த நிலங்களில் பழைய இரும்பு இன்னும் கிடக்கிறது. புல் வெட்டும் இடத்தையும் கட்டும் இடத்தையும் முதலில் நடந்து பொறுக்க வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காட்டோரத்துக்கு மாட்டையும் கொண்டுபோகக் கூடாது, அது தானாகப் போனாலும் பின்னால் போகக் கூடாது.

நாணயக்கயிறும் நுகமும்

மூக்குக் குத்துவதையும் நலமடிப்பதையும் ஒரே கிழமையில் செய்யாதீர்கள். நலமடிப்பதை வைத்தியரைக் கொண்டு, விறைப்பூசி போட்டுச் செய்விக்க வேண்டும். மூக்குக் குத்திய புண் ஆற இரண்டு, மூன்று கிழமை ஆகும். அதுவரை நாணயக்கயிற்றை (மூக்கணாங்கயிற்றை) இழுக்காமல் கழுத்துக் கயிற்றிலேயே மாட்டை நடத்த வேண்டும். புண்ணில் ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவிவரலாம். புழு வைத்துவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நாளைப் போக்கக் கூடாது.

மூக்கு ஆறியபின் நாம்பனை அமைதியான, வயதேறிய மாடு ஒன்றுக்கு அருகே கட்டிப் பழக்குங்கள். அதன் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறிமாறி நிறுத்திப் பார்த்தால், வலத்தனாக நிற்க விரும்புகிறதா இடத்தனாக நிற்க விரும்புகிறதா என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். பின்னர் நுகத்தை மட்டும் கழுத்தில் வைத்து, பூட்டாங்கயிற்றைத் தளர்வாகக் கட்டி, கால் மணி நேரம் நடத்தி இறக்க வேண்டும். இறக்கியவுடன் திமிலுக்கு முன்னுள்ள தோலை உள்ளங்கையால் தடவுங்கள். மயிர் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தாலோ, ஓரிடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தாலோ, நுகம் அந்த இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. தோல் உரியும்வரை காத்திராமல் அன்றே நுகத்தை அந்த இடத்தில் செதுக்கி மழுக்க வேண்டும். புண் வந்தபின் அதன்மேல் சாக்கை மடித்து வைத்துப் பூட்டுவது புண்ணை மறைக்குமே தவிர ஆற்றாது.

நடை, துள்ளல், ஓட்டம்

பாற்பல் விழும்வரை கயிற்றில் நடை மட்டுமே. அரை மணியில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை, கிழமைக்கு ஐந்து நாள், குளக்கட்டிலும் மணற்பாதையிலும் வரம்போரத்திலும் மாறிமாறி நடத்த வேண்டும். பலவகைத் தரையில் நடந்த காலே பின்னர் எந்தத் திடலிலும் தடுமாறாது. முருங்கன் பக்கத்துக் களிமண் தரை கோடையில் வெடித்துக் கிடக்கும்போது மட்டும் அதில் நடத்தக் கூடாது. குளம்பு வெடிப்பில் மாட்டினால் கால் முறுகிவிடும்.

இரண்டு பல் கண்டபின் நுகத்தோடு சோடி நடையும், அது பழகியதும் பத்துப் பதினைந்து கிலோக் கட்டை இழுத்தலும் செய்யலாம். இரண்டரை வயதுக்குப் பின் வெறும் வண்டி. அதுவும் நடைதான், இரண்டு கிலோமீற்றரில் தொடங்கி நான்கு வரை. நான்கு பல் கண்டபின் நடையின் நடுவே இரண்டு மூன்று நிமிடத் துள்ளல் நடையைச் சேர்த்து, மாதந்தோறும் சற்றுக் கூட்டலாம். தூரத்தைக் கூட்டும் கிழமையில் வேகத்தைக் கூட்டாதீர்கள், பாரத்தையும் கூட்டாதீர்கள். மூன்று கிழமை கூட்டியபின் நான்காம் கிழமை பாதியாகக் குறைப்பது எலும்பு தேறுவதற்கு இடம் தரும். ஆறு பல் வந்தபின்னரே குறுகிய முழு வேக ஓட்டம், அதுவும் கிழமைக்கு இருமுறைக்கு மேல் இல்லை. இடையில் நடை நாட்கள்.

எந்த வேலையும் பத்து நிமிட மெதுநடையில் தொடங்கி, பத்து நிமிட மெதுநடையில் முடிய வேண்டும். வேலை முடிந்து கால் மணி நேரத்தின் பின், விலாப்பக்கம் எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சு ஓய்வளவை நெருங்கியிருந்தால் அன்றைய வேலை அளவானது. அரை மணிக்குப் பின்னும் இரைத்தால் அடுத்த நாளைய வேலையைப் பாதியாக்க வேண்டும்.

குளத்தில் நீந்தவிடுவது காலுக்குப் பாரம் தராத அருமையான பயிற்சிதான். முதலை இல்லை என்று ஊரவர் உறுதியாகச் சொல்லும் குளத்தில், கரை தெரியும் ஆழத்தில் மட்டும் செய்யலாம்.

மாட்டை ஓட்டும் கம்பான துவரங்கேட்டியைத் தட்டிச் சைகை காட்டப் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆணி பொருத்திய கம்பால் குத்துவது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைச் சட்டத்தின்கீழ் உங்களை நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடும். அதோடு, குத்துக்குப் பயந்து ஓடப் பழகிய நாம்பன் நேராக ஓடுவதில்லை. குத்து வரும் பக்கத்திலிருந்து விலகியே ஓடும், சோடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

விடியற்காலைச் சோதனை

பயிற்சியின் பலனைக் காப்பது நாள்தோறும் செய்யும் ஐந்து நிமிடச் சோதனைதான். வெயில் ஏறுவதற்கு முன், கால்கள் இரவு முழுதும் ஓய்ந்து குளிர்ந்திருக்கும் வேளையில் இதைச் செய்ய வேண்டும்; வெயிலில் நின்ற காலில் எந்தச் சூடு உள்ளிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. மாட்டின் தோளோடு ஒட்டி நின்று குனிந்து, முழங்காலுக்குக் கீழே பின்புறமாக இறங்கும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து மேலிருந்து கீழாக மெல்ல வருடுங்கள். அது இறுக்கமான கயிறுபோல் ஓரங்கள் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். ஓரம் மழுங்கி, சற்றுப் பருத்து, இளஞ்சூடாக இருந்தால், மாடு நொண்டாவிட்டாலும் உள்ளே நார்கள் நைந்திருக்கின்றன. மற்றக் காலோடு ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள். அடுத்து குளம்பிடுக்கை விரித்து முள், கல், அழுகல் மணம் உண்டா என்று பார்த்து, பின் கடினமான தரையில் பத்தடி நடத்த வேண்டும். முன்னங்காலில் நோவுள்ள மாடு, அந்தக் கால் நிலத்தில் பதியும்போது தலையை உயர்த்தும்.

சூடோ வீக்கமோ கண்டால் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அன்றைய பயிற்சியை நிறுத்தி, வைத்தியரிடம் காட்ட வேண்டும். நோவு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுத்து ஓட்டினால், நோவு மறைய நைவு பெரிதாகி, மாதங்களில் ஆற வேண்டியது ஒருபோதும் ஆறாமற் போகும்.

சாணம் இளகியிருக்கிறதா, சிறுநீர் செந்நிறமா, காதுமடலிலும் அடித்தொடையிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். செந்நிறச் சிறுநீரோடு காய்ச்சலும் இருந்தால் உண்ணியால் பரவும் இரத்த நோயாக இருக்கக்கூடும். வெப்பம் 39.5ஐத் தாண்டினால் காரணம் தெரியும்வரை ஓய்வு.

மழையும் வெயிலும்

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடை மழையில் பயிற்சி குறையும், குறையட்டும். அந்தக் காலத்தில் கவனிக்க வேண்டியவை குளம்பும் கூரையும். சேற்றில் நின்ற குளம்பிடுக்கு ஊறி அழுகாமலிருக்க, ஒரு லீற்றர் தண்ணீரில் 50 கிராம் துரிசு (செப்புச் சல்பேற்று) கரைத்து, கிழமைக்கு இருமுறை கழுவிய குளம்புகளை நனைக்கலாம். அந்தத் தண்ணீரை மாடு குடித்துவிடக் கூடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. காற்று வரும் பக்கம் மறைப்பும், நனையாத படுக்கையும், விலாவை மூடும் அளவு சதையும் உள்ள மாட்டுக்கே அத்தகைய இரவைத் தாங்கும் வாய்ப்புக் கூடுதல். சித்திரையிலிருந்து ஆவணி வரை காலை எட்டு மணிக்கு முன் வேலை முடிய வேண்டும்.

திடலுக்குப் போகும் நாள்

முதல் சவாரிக்கு முன், ஓடாமல் பார்க்க மட்டும் ஓரிரு திடல்களுக்கு நாம்பனைக் கொண்டுசென்று, ஒலிபெருக்கிக்கும் சனத்துக்கும் பழக்க வேண்டும். பட்டா என்னும் சிறு லொறியில் ஏற்றும்போது தரையில் மணலோ வைக்கோலோ தடிப்பாகப் பரப்பி, தலை முன்னோக்கக் கட்ட வேண்டும். ஓட்டத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே பெரிய தீன் முடிந்துவிட வேண்டும். சாராயம், பெயர் தெரியாத ஊசி, "வேகம் வரும்" என்று யாராவது நீட்டும் குளிசை எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். கொடுப்பவர் உங்கள் உறவினராக இருந்தாலும் மறுக்கலாம்.

ஓடி முடித்தவுடன் கட்டி வைக்காமல் நடத்தி, மூச்சுத் தணியத் தணியச் சிறிது சிறிதாகத் தண்ணீர் காட்ட வேண்டும். தசைநாண் வீக்கம் மறுநாளோ மூன்றாம் நாளோதான் வெளித்தெரியும் என்பதால், அந்த மூன்று விடியற்காலைகளிலும் கால்களை இரட்டிப்புக் கவனத்தோடு வருட வேண்டும். நாடாவை எடுத்து நெஞ்சுச் சுற்றளவையும் பாருங்கள். குறைந்திருந்தால் அது மீளும்வரை நடை மட்டும் போதும். இளம் மாட்டுக்கு அடுத்த ஓட்டம் மூன்று கிழமைக்குப் பின்னர்தான். அதற்குள் இன்னொரு திடலிலிருந்து அழைப்பு வந்தால், சோடியின் மற்ற மாடு தேறியிருக்கும் பட்சத்தில் அதற்கு வேறொரு துணையைப் பார்த்துக் கொடுத்துவிடலாம்.